வலிக்கு ஊசி போடுங்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

தமிழ்நாட்டின் அக்குபஞ்சர் சிகிச்சையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மருந்து விற்கிறவன் அக்குபஞ்சரைப் பற்றிக் கடிதம் எழுதினால் அதில் என்ன இருக்கும் என்று உங்களுக்கு இப்போதே ஓர் எண்ணம் வந்திருக்கும். வியாபாரம் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் என்று நினைத்தால் அதில் தப்பில்லை. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் முழங்கால் வலியை இறக்கியது உங்கள் ஊசிதான். என் கடை அலமாரியில் இருக்கிற எந்த மாத்திரையும் அதைச் செய்யவில்லை.

அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் பத்து அடி வைப்பதற்குள் முகம் சுருங்கிப்போகும். வீட்டு வாசலில் மூன்றே படி. அதை இறங்கப் பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவார். நான் என்ன செய்தேன்? எல்லாக் கடைக்காரன் மகனும் செய்வதைத்தான். அசிக்ளோபினாக் என்ற வலி மாத்திரையைக் கொடுத்தேன். கேட்கும்போதெல்லாம் கொடுத்தேன். அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு வலி மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் என்ன ஆகும் என்று எனக்குப் பாடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கூடி 1.6 என்று ரிப்போர்ட் வந்த அன்றுதான் அந்தப் பாடம் நினைவுக்கு வந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த டைக்ளோபினாக்கைக் கால்நடைக்குப் போட, அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதருக்கான மாத்திரையை நம் ஊரில் இன்றும் சீட்டு இல்லாமல் இரண்டு இரண்டாகக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நானும் கொடுத்திருக்கிறேன்.

மருத்துவர் இனி வலி மாத்திரை கூடாது என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் மதுரையில் இருக்கும் ஓர் அக்குபஞ்சர் சிகிச்சையாளரிடம் அம்மாவைக் கூட்டிப்போனேன். முழு நம்பிக்கையோடு போகவில்லை, வேறு வழியில்லாமல் போனேன். அந்த அம்மையார் செய்த முதல் வேலை இன்றும் கண்ணில் நிற்கிறது. நாடி பார்ப்பதற்கும் முன்னால் ஒரு நோட்டைத் திறந்து, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டார். அம்மா பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுக்க, ஒவ்வொரு அட்டையையும் திருப்பிப் பெயரைப் பார்த்து எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, "இது எதையும் நிறுத்தக் கூடாது. வலி மாத்திரை இல்லாம ஓட்ட முடியுதான்னு மட்டும் பார்ப்போம்" என்றார்.

பிறகு ஊசி. முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் குழியாக இருக்குமே, சீனத்தில் முழங்காலின் கண்கள் என்று சொல்லும் இடம், அங்கே இரண்டு. முழங்காலுக்கு நான்கு விரல் கீழே, முன்னெலும்புக்கு வெளிப்பக்கம், நீங்கள் வயிறு 36 என்று சொல்லும் புள்ளியில் ஒன்று. உள்பக்கம் ஒன்று. கால் மில்லிமீட்டர் பருமன்கூட வராத ஊசி, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன் அவ்வளவுதான். புது உறையைக் கிழித்து எடுத்ததை நானே பார்த்தேன். வயிறு 36இல் போட்டதை அவர் இரண்டு விரலுக்கு நடுவே மெல்லத் திருகியபோது அம்மா "ஸ்ஸ்" என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலி இல்லடா. கால் கனமாகுது. எறும்பு ஊர்ற மாதிரி பாதம் வரைக்கும் போகுது" என்றார். இருபத்தைந்து நிமிடம் அப்படியே படுத்திருந்தார். பாதி நேரம் தூங்கிவிட்டார். மாசிபத்திரி என்ற மூலிகையின் சுருட்டைக் கொளுத்தித் தோலில் படாமல் சூடு காட்டியபோது அறை முழுக்க ஒரு புகை வாசம். அம்மாவுக்கு அது கிராமத்து வீட்டை நினைவுபடுத்தியதாம்.

மூன்றாவது முறை வரை பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. ஐந்தாவது முறைக்குப் பிறகு ஒரு நாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வாசல் படியில் நேராக, ஒரு காலுக்கு ஒரு படி என்று இறங்கிப் பால் வாங்கிக்கொண்டு வந்தார். எக்ஸ்ரே எடுத்தால் அதே தேய்மானம்தான் இருக்கும். தேய்ந்த குருத்தெலும்பு வளர்ந்துவிடவில்லை. வலி குறைந்தது, கால் மடங்கியது, அவர் நடந்தார். எங்களுக்கு அது போதும்.

எனவே உங்கள் சிகிச்சையைப் பழிக்க நான் வரவில்லை. இன்னொருவர் காலுக்கு நேர்ந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அக்கா பூக்கட்டி விற்பார். மாதம் பிறந்தால் 5ஆம் தேதிக்குள் வந்து மெட்பார்மின், கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை இரண்டும் ஒரு மாதத்துக்கு வாங்கிப் போய்விடுவார். ஒன்பது வருடமாக அப்படித்தான். போன வருடம் ஆவணி வாக்கில் வருவது நின்றது. பெரிய கடைகளில் தள்ளுபடி தருகிறார்களே, அங்கே வாங்குகிறார் போல என்று விட்டுவிட்டேன். ஐந்தாறு மாதம் கழித்து அவர் மகன் வந்து நின்றான். காஸ் துணி, பெட்டாடைன், பிளாஸ்திரி, கையுறை. எதற்குப்பா என்று கேட்டேன். அம்மா கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள் என்றான்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். செருப்பு வார் உரசியதில் வந்த சின்னக் கொப்புளமாம் அது. வலிக்கவே இல்லையாம். வலிக்காததால் பார்க்கவே இல்லை. சாக்ஸ் போடுகிற ஆள் இல்லை, தண்ணீரிலும் மண்ணிலும் நிற்கிற கால். நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. சர்க்கரை 480.

"மாத்திரை ஏன்க்கா நிறுத்துனீங்க?"

"முட்டிவலிக்கு ஒரு எடத்துல காட்டினேன் தம்பி. அங்கதான் மாத்திரையெல்லாம் விஷம், ஒடம்பே சரி பண்ணிக்கும்னாங்க. எனக்கு முட்டிவலி நெசமாவே போயிருச்சு. அவங்க சொன்னது ஒன்னு சரியா இருந்துச்சே, இன்னொன்னும் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். ஒடம்பும் நல்லாத்தான் இருந்துச்சு."

யார், எந்த இடம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஓர் ஆளைக் கூண்டில் ஏற்ற இந்தக் கடிதம் எழுதவில்லை. அந்த அக்கா சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்க விடாமல் இதை எழுத வைத்தது. ஒன்று சரியாக இருந்ததால் இன்னொன்றும் சரியாக இருக்கும் என்று நினைத்தேன் என்றாரே, அது. உங்கள் சிகிச்சை பொய்யாக இருந்திருந்தால் அவர் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டார். மெய்யாக இருந்ததுதான் அவர் காலுக்கு வினையானது. ஊசி சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கையை எடுத்து, ஊசிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பேச்சுக்குச் செலவு செய்துவிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். வலிக்கு நோயாளிதான் சாட்சி. எனக்கு வலி குறைந்தது என்று என் அம்மா சொன்னால் அதற்கு மேல் ஒரு பரிசோதனை கிடையாது. எந்த மிஷினும் அம்மாவை மறுத்துப் பேச முடியாது. ஆனால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அவர் சாட்சி ஆக முடியாது. ரத்த அழுத்தம் 180 இருக்கும்போதும் ஆள் சிரித்துப் பேசிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் போய்க்கொண்டிருப்பார். சர்க்கரை 300இலேயே மாதக்கணக்காக ஓடும், கொஞ்சம் அசதி, கொஞ்சம் தாகம், வெயில் காலம் என்று நினைத்துக்கொள்வார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று அவர் உங்களிடம் சொல்வது பொய்யில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. வலிக்கு நம்பலாம் என்கிற அந்த வாக்குமூலத்தைச் சர்க்கரைக்கும் நம்புவதில்தான் எல்லாம் கெடுகிறது.

சர்க்கரைக்காரர்களின் காலில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. பல வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்பு செத்துக்கொண்டே வரும். ஆரம்பத்தில் எரியும், குத்தும், சுரீர் என்று இழுக்கும். பிறகு ஒரு நாள் அதெல்லாம் அடங்கிவிடும். நோயாளி சந்தோஷமாக, எரிச்சல் போய்விட்டது என்பார். சில நேரம் அது குணமானது, சில நேரம் நரம்பே போய்விட்டது. பஞ்சை வைத்துத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் மேசையில் பஞ்சு எப்போதும் இருக்கிறதே, ஒரு நிமிட வேலைதான். பூக்கார அக்காவின் பாதத்தை யாராவது ஒரு தடவை அப்படித் தொட்டுப் பார்த்திருந்தால் போதும்.

மாத்திரைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், இது என் தொழில். தைராய்டு மாத்திரையை நிறுத்தினால் முதல் வாரம் ஒன்றுமே தெரியாது. உடம்பில் இருப்பது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். பாருங்கள், நிறுத்தினீர்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்ல அந்த ஒரு வாரம் போதுமானது. மூன்றாவது மாதம் அவர் உடம்பு ஊதி, குரல் கட்டி, வேறு ஒரு டாக்டரிடம் போய் நிற்கும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து நிற்காமலே போகலாம். நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால், அதற்குள் சுரப்பதையே மறந்துபோன அட்ரீனல் சுரப்பி கைகொடுக்காது, ஆள் மயங்கி விழுவார். முதல் வகைச் சர்க்கரை உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் மாதக்கணக்கு வேண்டாம், சில நாள் போதும். கனடாவில் டொரண்டோவில் 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்னால் உலகத்தில் எந்த ஊரிலும், சீனாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த நோய் வந்த குழந்தை பிழைத்ததில்லை. ஆயிரக்கணக்கான வருட மருத்துவம் கையில் இருந்தும் காப்பாற்ற முடியாமல் போன நோய் அது.

உங்களில் பலர், எங்கள் ஆசான்கள் சொன்னது இது, காய்ச்சல் கழிவு வெளியேற்றம், மாத்திரை கழிவைத் தேக்குகிறது என்று பதில் சொல்வீர்கள். சளி, சாதாரணக் காய்ச்சல் இரண்டுக்கும் அவசரப்பட்டு மாத்திரை விழுங்க வேண்டாம் என்பது வரை எனக்கும் சம்மதம். ஆனால் டெங்குக் காய்ச்சலில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்கும் நாளில்தான். கழிவு வெளியேறிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைகிற அதே நாள். பிரசவத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறவர்களும் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள். பிள்ளை பிறந்த பின் நிற்காத ரத்தப்போக்கு ஓரிரு மணி நேரத்தில் தாயைக் கொண்டுபோய்விடும். அந்த நேரத்தில் எந்தப் புள்ளியைத் தேடுவது?

சரி, ஊசி எதற்கு நன்றாக வேலை செய்கிறது என்பதையும் பேச வேண்டும். அதைச் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் நான் பாதி உண்மைதான் சொன்னவன் ஆவேன்.

ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 1162 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு முறைப்படி அக்குபஞ்சர். இன்னொரு பிரிவுக்குப் புள்ளி அல்லாத இடங்களில், ஆழமில்லாமல் மேலோட்டமாகப் போலி ஊசி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மருந்தும் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து, நல்ல குணம் தெரிந்தவர்கள் அக்குபஞ்சரில் நூற்றுக்கு 47.6. மருந்தும் பயிற்சியும் பெற்றவர்களில் 27.4தான். உங்கள் கூட்டங்களில் இந்த இரண்டு எண்ணையும் மேடை போட்டுச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் நடுவில் இன்னோர் எண் இருக்கிறது. புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் குணம் தெரிந்தவர்கள் 44.2.

இந்த மூன்றாவது எண்ணை நான் முதலில் படித்தபோது, அப்படியானால் எல்லாம் மனப்பிரமைதானா என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் அப்படித் தோன்றவில்லை. புள்ளியின் துல்லியம் நாம் நினைத்த அளவுக்கு முக்கியமில்லாமல் இருக்கலாம். ஆனால் ஊசி, படுத்திருக்கிற அரை மணி நேரம், கையைப் பிடித்து நாடி பார்க்கிற ஒருவர், அவர் கேட்கிற கேள்விகள், இதெல்லாம் சேர்ந்து வலியைக் குறைக்கிறது. மருத்துவமனையில் டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் காத்திருந்து இரண்டு நிமிடம் டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிற எங்கள் ஊர் ஜனத்துக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஜெர்மனியில் இப்படிப்பட்ட ஆய்வுகளை வைத்தே முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் பொதுக் காப்பீட்டில் அக்குபஞ்சரைச் சேர்த்தார்கள். பின்னால் 2018இல் 39 ஆய்வுகளின் இருபதாயிரத்துச் சொச்சம் நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, போலி ஊசியைவிட நிஜ ஊசி சிறிய அளவிலாவது கூடுதலாக வேலை செய்வதும், அந்தக் குணம் ஒரு வருடம் கழித்தும் பெரும்பகுதி நிலைத்திருப்பதும் தெரிந்தது. முதுகு, கழுத்து, தோள், முழங்கால், நாள்பட்ட தலைவலி. இவைதான் அந்தப் பட்டியல். எல்லாமே வலி. அதில் சர்க்கரை இல்லை, புற்றுநோய் இல்லை.

ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதற்கும் தடயம் கிடைத்துக்கொண்டிருக்கிறது. 1970களிலேயே, நம் உடம்பே சுரக்கிற வலி நிவாரணியான எண்டார்பினைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் அக்குபஞ்சரின் வலி நிவாரணம் குறைகிறது என்று கண்டார்கள். 2010இல் எலிகளில் ஓர் ஆய்வு. அம்மாவின் காலில் போட்டார்களே, அதே வயிறு 36இல் ஊசி போட்டுத் திருகியபோது அந்த இடத்தில் அடினோசின் என்ற வேதிப்பொருள் பல மடங்கு கூடியது. அந்த அடினோசினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி (ரிசப்டர்) இல்லாமல் பிறந்த எலிகளுக்கு ஊசி போட்டும் வலி குறையவில்லை. இவ்வளவு தெரிந்த பிறகு யாரும் உங்கள் தொழிலை வெறும் மந்திரம் என்று ஒதுக்க முடியாது. அப்படி ஒதுக்குகிற அலோபதி மருத்துவர்களிடம் நானே சண்டை போட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும். நோயாளிகளிடம் நடந்த இந்த ஆய்வுகள் ஊசியைச் செருகி, பெரும்பாலும் வாரம் ஒன்றிரண்டு முறை, பத்துப் பதினைந்து தடவை செய்தவை. நாடி பார்த்து ஒரே புள்ளியை விரலால் சில நொடி தொட்டுவிட்டு அனுப்புகிற முறை தமிழ்நாட்டில் பெருகியிருக்கிறது. அந்தத் தொடுகையில் ஆறுதல் கிடைப்பவர்கள் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஊசியைப் பற்றிய ஆய்வைத் தொடுகைக்குச் சான்றாகக் காட்டுவது சரியில்லை. தொட்டால் இன்சுலின் தேவையில்லை என்பதற்கு எந்த ஆய்வையுமே காட்ட முடியாது.

மேற்கத்திய உலகம் அக்குபஞ்சரைத் திரும்பிப் பார்த்த கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீஜிங் போன இடத்தில் குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மயக்க மருந்து இல்லாமல் ஊசியை வைத்தே ஆபரேஷன் செய்தார்கள் என்று உங்கள் வகுப்புகளில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். நடந்தது அது இல்லை. அவரே எழுதியிருக்கிறார். வழக்கமான மருந்து ஊசியால் மரத்துப்போக வைத்து, கத்தியால் குடல்வாலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பி அவர் அவதிப்பட்டபோதுதான் வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் அக்குபஞ்சர் ஊசி போட்டு, மூலிகையைக் கொளுத்தி வயிற்றுக்குச் சூடு காட்டினார்கள். உப்புசம் இறங்கியது. அந்தச் சீன மருத்துவர்கள் கத்தி வேண்டிய இடத்தில் கத்தியையும் ஊசி வேண்டிய இடத்தில் ஊசியையும் எடுத்தார்கள். குடல்வாலை உடம்பே சரிசெய்துகொள்ளும் என்று விட்டிருந்தால் நமக்கு அந்தக் கட்டுரையே கிடைத்திருக்காது.

இந்தியாவுக்கு அக்குபஞ்சர் வந்த வழியும் அப்படித்தான். ஜப்பான் படையெடுப்பின்போது 1938இல் சீனாவுக்கு உதவப் போன இந்திய மருத்துவக் குழுவில் ஐந்து பேர். அங்கேயே உயிர்விட்ட கோட்னிஸ் ஒருவர். திரும்பி வந்த பிஜோய் குமார் பாசு இன்னொருவர். அவர்தான் 1950களின் கடைசியில் மறுபடி சீனா போய் அக்குபஞ்சரைக் கற்று, 1959இல் கல்கத்தாவில் தொடங்கினார். போர்க்களத்தில் காயத்துக்குத் தையல் போட்ட அலோபதி மருத்துவர். ஒரு கையில் ஸ்டெதஸ்கோப்பும் மறு கையில் ஊசியுமாகத்தான் அக்குபஞ்சர் இந்தியாவுக்குள் வந்தது. அது தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு சீனத்து ஐந்து மூலகங்களில் இருந்த மரமும் உலோகமும் பல வகுப்புகளில் ஆகாயமும் காற்றும் ஆகி நம் பஞ்சபூதமாக மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை. எந்தக் கலையும் ஊர் மாறினால் உடை மாறும். வேறு எந்த மருந்தும் கூடாது என்ற பிடிவாதம் மட்டும் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

2019 பிப்ரவரியில் மத்திய அரசு அக்குபஞ்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது. நீங்கள் வருடக்கணக்காகக் கேட்ட மரியாதை அது. மரியாதை வந்தால் பொறுப்பும் கூடவே வரும். அதனால்தான் உங்களிடம் சில காரியங்களைக் கேட்கிறேன்.

மதுரை அம்மையாரின் அந்த நோட்டை ஒவ்வோர் இடத்திலும் வையுங்கள். வருகிறவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த டாக்டர் எழுதியது என்று முதல் நாளே எழுதுங்கள். உங்களுக்கு ஒரு மாத்திரை அதிகம் என்று தோன்றினால், அப்படித் தோன்றுவதில் சில நேரம் நியாயமும் இருக்கும், அதை எழுதிய டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புங்கள். நோயாளி நடந்து எடை குறைத்துச் சாப்பாட்டை மாற்றினால் மாத்திரை குறையத்தான் செய்யும். மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையைப் பார்த்து டாக்டரே குறைப்பார். நீங்கள் குறைக்க வேண்டியது வலி மாத்திரையைத்தான். அதில் நான் உங்கள் கட்சி. என் கடையில் வலி மாத்திரை விற்பனை பாதியாகக் குறைந்தால் அன்றைக்கு உங்களுக்கு இனிப்பு வாங்கி அனுப்புவேன், உண்மையாகவே சொல்கிறேன்.

எத்தனை முறை வர வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு 2020இலிருந்து நாள்பட்ட முதுகுவலிக்கு அக்குபஞ்சருக்குப் பணம் தருகிறது. 90 நாளில் 12 முறை. குணம் தெரிந்தால் இன்னும் 8. தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. குணமே தெரியாமல் ஒரு வருடமாக வந்துபோகிற ஏழைகளை எனக்குத் தெரியும், பஸ் காசுக்கே கடன் வாங்குகிறவர்கள்.

ஊசியை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள், அதே ஆளுக்கு என்றாலும். கொதிக்க வைத்து மறுபடி எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எங்களிடமே ஸ்பிரிட் வாங்க வரும்போது சொல்லியிருக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி கிருமிக்கு ஒரு துளி ரத்தம்கூட வேண்டாம். தோள்பட்டையின் மேல்பகுதியில், மார்பில் ஊசி போடும்போது ஆழத்தைப் பாருங்கள், கீழே நுரையீரல் இருக்கிறது. மூச்சு வாங்குகிறது என்று சிகிச்சை முடிந்து போனவர் போன் செய்தால் கழிவு வெளியேறுகிறது என்று சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

அப்புறம் வகுப்பு நடத்துகிற ஆசான்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களிடம் படிக்க வருகிறவர்களில் பலர் தன் வலி தீர்ந்த நன்றியில் வருகிறவர்கள். நல்ல மனசுக்காரர்கள். இல்லத்தரசிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பகுதிநேரமாக ஏதாவது கற்கலாம் என்று வரும் இளைஞர்கள். நீங்கள் சொல்வது அவர்களுக்கு வேதவாக்கு. புள்ளிகளைக் கற்றுக்கொடுக்கும் அதே வகுப்பில், எந்த அறிகுறி வந்தால் கையை எடுத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். நெஞ்சு இறுக்கம், ஒரு பக்கம் கை மரத்து வாய் கோணுவது, இரவில் எழுப்புகிற முதுகுவலியோடு எடை குறைவது, முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொள்வது. இவை வலியாகத்தான் உங்களிடம் வரும். வலி என்று பெயர் இருப்பதாலேயே இவை ஊசிக்கு உரியவை ஆகிவிடாது.

பூக்கார அக்காவின் காலைப் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். புண் ஆறிவிட்டது. மறுபடி 5ஆம் தேதிக்குள் மாத்திரை வாங்க வருகிறார், இப்போது மகன் பைக்கில் கொண்டுவந்து விடுகிறான். முட்டிவலி திரும்ப வந்துவிட்டதாம். ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று என்னிடமே போன வாரம் கேட்டார். போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் என்னோடு வாருங்கள் என்றேன். வரும் வியாழக்கிழமை அம்மாவுக்கு ஒன்பதாவது முறை. மதுரைக்கு மூன்று பேராகப் போகிறோம். இரண்டு பேர் மாத்திரை டப்பாவும் ஒரே பையில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஊசியால் நடக்கும் ஓர் அம்மாவின் மகன்,
மருந்துக்கடைக்காரர்,
விருதுநகர் மாவட்டம்